ஊட்டு ஆளுங்க மட்டும்

சென்னீர்குப்பம்
10-02-2025

முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கொடி பறக்க ஆட்சி செலுத்தும் மகள் கிருஷ்ணப்பிரியாவின் சமூகத்துக்கு, பூந்தமல்லி முதல் வேலப்பன்சாவடி வரை தன் கேமராவால் மக்களை நடுங்கவைக்கும் சித்தப்பன் டில்லிபாபு எழுதிக்கொண்டது. இங்கே என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர அனைவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை அருள்மொழியும் சுகமாக இருக்க அந்த முழங்காலை மடக்கியே வேண்டிக்கொண்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இது ஏன் இமெயில் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் சித்தி அஞ்சலை எனக்கு முன்னால் படித்துவிடுவாள். போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன், அதாவது உன் அப்பா, காது கொடுப்பார். நம் வீட்டில் வேறு யாருக்கும் திறக்கத் தெரியாத பீரோ இது ஒன்றுதான்.

போன வாரம் உன் தம்பி தினேஷின் புதுவீட்டு கிரகப்பிரவேசத்தில் நான் எடுத்த குடும்பப் படம்தான் விஷயம். நாற்பத்தொரு தலை, ஒரே வரிசை. வரிசையின் இந்த முனை நம் கேட்டில் என்றால் அந்த முனை பெங்களூரில். தெருவோ முழ அகலம். இன்னும் ஓரடி பின்னால் போயிருந்தால் கூவத்தில் விழுந்து வங்காள விரிகுடாவில்தான் கரையேறியிருப்பேன். ஆகவே கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, இடமிருந்து வலமாகத் திருப்பித் திருப்பிப் பதினோரு படம் எடுத்தேன். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த அதே கேமரா.

இனி பதினொன்றையும் தையல் தெரியாமல் ஒட்டி ஒன்றாக்க வேண்டும். அதற்கு மென்பொருள் வேண்டுமாம். என்னிடம் மென்பொருள் என்று சொல்லிக்கொள்ள ஒரு குண்டூசிகூடக் கிடையாது. நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் புடவைக் கேட்டலாக் படங்களைத் திருத்திப் பேர் வாங்கியவள். எதை எடுக்கலாம் என்று ஆணையிடு. எட்டடி நீளத்துக்கு அச்சடித்து தினேஷ் ஹாலில் மாட்டுவதாக உத்தேசம். அதைப் பார்க்க வெளிநாட்டுத் தூதர்கள் வரிசையில் நிற்பார்கள்.

நீ ஐந்தாவது படத்தில் இருக்கிறாய். அண்ணிக்குப் பக்கத்தில். நன்றாகவே விழுந்திருக்கிறாய்.

உன் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
டில்லிபாபு, பனோரமா சக்கரவர்த்தி


முகப்பேர் கிழக்கு
13-02-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். எனக்குக் கொஞ்ச நாளாக வயிறுதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை, சோறு கொதிக்கும் வாசனை ஆகவில்லை. மற்றபடி குறையில்லை. முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள், சாமியிடம் மட்டும் காட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

மென்பொருளில் மூன்று வகை உண்டு. ஒன்று இலவசம். வேலை நன்றாகச் செய்யும், ஆனால் எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேரும் என்று நாம் உட்கார்ந்து காட்ட வேண்டும். இன்னொன்று விலைக்கு. வாங்கும்வரை படத்தின்மேல் அவர்கள் பெயரை அச்சடித்துக் கொடுக்கும். மூன்றாவது, எல்லாம் தானே செய்யும், நம்மைக் கேட்கவே கேட்காது. குடும்பப் படத்துக்கு மூன்றாவது வேண்டாம்.

ஏன் என்றால் மனிதர்கள் நகர்வார்கள். நீங்கள் ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்ததுக்குக் கேமராவைத் திருப்புவதற்குள் ஒருவர் நகர்ந்துவிட்டால், ஒட்டும்போது அவர் பாதி உடம்பாக, பேய்போல நிற்பார். இல்லையென்றால் காணாமல் போவார். எந்தப் படத்தில் இருப்பது வேண்டும் என்று ஆள்தான் சொல்ல வேண்டும். இலவச மென்பொருளில் அதற்கு பிரஷ் இருக்கிறது. சிவப்பு பூசினால் அந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம். பச்சை பூசினால் கட்டாயம் வேண்டும்.

சித்தப்பா, அம்மா சொல்லியனுப்பியதால்தான் அன்று வந்தேன். அருளை வேலப்பன்சாவடியிலேயே ஒரு டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். மூன்று டீ குடித்தாராம். அப்பாவை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷம் கழித்து உங்களோடு எல்லாம் ஒரே வரிசையில் நின்றேன். நீங்கள்தான் "வாம்மா, அண்ணி பக்கத்துல நில்லு" என்று கூப்பிட்டீர்கள். அப்பா என்னைப் பார்க்காமலே, "ஊட்டு ஆளுங்க மட்டும் நில்லுங்கப்பா" என்றது ஐந்தாவது படத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவில். விலகிவிட்டேன். ஆறாவது படத்தில் நான் இருக்க மாட்டேன். அதனால் மறக்காமல் ஐந்தாவதில் என்மேல் பச்சை பூசிவிடுங்கள்.

அந்தப் படத்தில் நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது?

அன்புடன்,
பிரியா


சென்னீர்குப்பம்
22-02-2025

மென்பொருள் சாத்திரத்தைக் கரைத்துக் குடித்து ஏப்பமும் விட்ட மகளுக்குச் சித்தப்பனின் ஆசி. உன் வயிறு சொன்ன பேச்சு கேட்காததற்கு அருளின் சமையல்தான் காரணம் என்று இங்கிருந்தே கண்டுபிடித்துவிட்டேன். அண்ணியின் சர்க்கரை அடக்கமாக இருக்கிறது. என் முழங்கால் டாக்டரைப் பார்த்தது. டாக்டர்தான் அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனைகள் தொடங்கிவிட்டன. முதலில் விலைக்காரன். அவன் ஒட்டிய படத்தில் என் அண்ணன் நெற்றியில் நாமம் போட்டதுபோல கம்பெனி பெயர் விழுந்திருக்கிறது. அண்ணன் அதைப் பார்த்து, "இவன் இன்னா எனக்கு மொதலாளியா?" என்று கேட்டார். அவனை ஊரைவிட்டே தள்ளிவைத்துவிட்டேன்.

அடுத்து இலவச தர்மபிரபு. உன் பெரியத்தை பூங்காவனத்துக்கு மூன்றாவது கை முளைத்தது. இரண்டு கையை வைத்துக்கொண்டே அந்த அம்மாள் ஊரை இரண்டாக்குகிறவர், மூன்றாவதைக் கொடுத்தால் மெட்ரோ தூணையே பிடுங்கிவிடுவார். சேரும் புள்ளிகளைக் காட்டிக் காட்டி என் கண்கள் இரண்டும் மூக்கருகே வந்து குசலம் விசாரிக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மகுடம் என் குலக்கொழுந்து அஜித்குமார். முப்பது வயதுக் கழுதை. முதல் படத்தில் இடது கோடியில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். நான் கேமராவைத் திருப்பத் திருப்ப, எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் ஓடிப்போய் பதினோராவது படத்தில் வலது கோடியிலும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். இப்போது எனக்கு இரண்டு மகன்கள். அண்ணன் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உட்ரா, கெடக்கட்டும். ஊட்ல ஒரு ஆளு ஜாஸ்தின்னா நல்லதுதான்" என்றார்.

எல்லாம் தானே செய்யும் மூன்றாமவனையும் ஒரு கை பார்க்கப்போகிறேன். நீ வேண்டாம் என்றாய். வேண்டாம் என்றதைச் செய்யாவிட்டால் நான் எப்படிச் சித்தப்பன்?

ஆய்வுக்கூடத்திலிருந்து,
விஞ்ஞானி டில்லிபாபு


முகப்பேர் கிழக்கு
24-02-2025

அன்புள்ள சித்தப்பா,

சிரித்தேன். அருளும் சிரித்தார். நலம்தான்.

எல்லோரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி எழுதவில்லை. ஐந்தாவது படத்தில் பச்சை பூசினீர்களா?

பிரியா


சென்னீர்குப்பம்
02-04-2025

அன்பு மகளுக்கு,

ஐந்து வாரம் பதில் எழுதாத சித்தப்பனை உலகம் தூற்றும், நீ தூற்ற மாட்டாய். இங்கே வெயில் வந்துவிட்டது. நேற்று மொட்டைமாடியில் காயப்போட்ட வடகம் பொரிந்தே இறங்கியது. அனைவரும் நலம். உன் நலம் எழுது. வயிறு இப்போது சமர்த்தாகிவிட்டதா?

படம் முடிந்தது. அச்சாகி வந்து மாட்டியும் ஆயிற்று. எட்டடி. சுவர்தான் பத்தவில்லை.

ஒரு சின்ன விபத்து. அந்த மூன்றாமவன் கதையைச் சொல்கிறேன், கேள். பதினோரு படத்தையும் கொடுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிட்டான். ஒட்டிவிட்டு, "பேய்களை நீக்கவா?" என்று ஒரு கட்டத்தைக் காட்டினான். நல்ல நாள், புது வீடு, பேயை நீக்கவா என்று கேட்டால் யாராவது வேண்டாம் என்பார்களா? வேப்பிலை அடிக்காமல், எலுமிச்சை நறுக்காமல் ஒரு டிக்கில் போகிறதே என்று அமுக்கிவிட்டேன். அவன் நகர்ந்த ஆளை எல்லாம் பேய் என்கிறானாம். அதில் நீயும் போய்விட்டாய் என்பதை மாட்டிய பிறகுதான் பார்த்தேன். மறுபடி அச்சடிக்கலாம் என்றால் அதற்குள் அண்ணன் ஆணி அடித்து, மாலை போட்டு, தேங்காயும் உடைத்துவிட்டார்.

மெஷினுக்கு என்ன தெரியும், மகளே. அதற்கு மகளும் ஒன்றுதான், பேயும் ஒன்றுதான். நான் அதை ஒரு வாரம் திட்டினேன்.

மன்னித்துவிடு. அடுத்த விசேஷத்தில் உன்னை மட்டும் நூற்றெட்டு படம் எடுப்பேன்.

சித்தப்பா


முகப்பேர் கிழக்கு
04-04-2025

சித்தப்பாவுக்கு,

நலம்.

உங்கள் எட்டடிப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். தினேஷ் அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். நான் பார்க்க முடியாதபடி வைத்தான், அருளை மறைக்க மறந்துவிட்டான். அருளுடைய போனில் பெரிதாக்கி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தேன்.

இடது கோடியில் அஜித் அண்ணன் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். வலது கோடியிலும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். நகர்ந்த ஆளை எல்லாம் நீக்குகிற மெஷின், தெரு நீளத்துக்கு ஓடிய உங்கள் மகனை இரண்டு தடவை வைத்துக்கொண்டு, இரண்டடி விலகிய என்னை மட்டும் எப்படிப் பேய் என்று கண்டுபிடித்தது?

அப்புறம், அம்மாவின் வலது கை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எதையோ தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி ஐந்து விரலும் விரிந்து காற்றில் நிற்கிறது. கைக்கு அடியில் புதுச் சுவர்தான் இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா?

படத்தை ஒட்டும்போது மென்பொருள் ஒரு கோப்பை எழுதி வைத்திருக்கும். அதையும் ஐந்தாவது படத்தின் அசலையும் அனுப்புங்கள்.

பிரியா


சென்னீர்குப்பம்
09-04-2025

துப்பறியும் திலகத்துக்கு,

யாவரும் க்ஷேமம். வெயிலில் காக்காய் தலைகீழாகப் பறக்கிறது. பூந்தமல்லி போகிற வழியில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். நேற்று அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ போனது, இன்று காலை சைதாப்பேட்டையில் வெளியே வந்ததாகக் கேள்வி.

அஜித் விஷயத்தில் நீ கேட்டது நியாயமான கேள்வி. அவன் முதலும் கடைசியும், நீ நடுவில். நடுவில் இருப்பதைத்தான் மெஷின் கவனிக்கும் என்று நினைக்கிறேன். அண்ணியின் கை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். நீ மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை, மறந்திருப்பாய்.

கோப்பைக் கேட்டிருந்தாய். கம்ப்யூட்டருக்குள் எறும்பு புகுந்துவிட்டது. எறும்பு என்றால் நம் ஊர் எறும்பு இல்லை, ஒவ்வொன்றும் பெருச்சாளி அளவு. ஹார்டு டிஸ்கில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் குட்டிகளுக்கு எடுத்துப்போய்விட்டன. தேடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டில்லிபாபு


சென்னீர்குப்பம்
03-06-2025

பிரியாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. நான்கு மெயில் எழுதி அனுப்பாமல் வைத்திருக்கிறேன். நான்கிலும் எறும்பு வருகிறது.

கோப்பு கிடைத்துவிட்டது. பென் டிரைவில் போட்டு அஜித்திடம் கொடுத்திருக்கிறேன். நாளை உன் ஆபீஸ் கேட்டில் உன் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவான். பதினோரு அசலும் அதில் இருக்கின்றன.

பார்த்துவிட்டுத் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

சித்தப்பா


முகப்பேர் கிழக்கு
10-06-2025

சித்தப்பாவுக்கு,

உடம்பைக் கேட்டீர்கள். ஏழாம் மாதம். போன வாரம் அருளின் அம்மா பொன்னியம்மா வளையல் அடுக்கினார்கள். அவர்கள் தெருவிலிருந்து இருபது பெண்கள் வந்தார்கள். நம் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி வளையலும் வரவில்லை.

கோப்பைத் திறந்தேன். நீங்கள் சொன்ன மூன்றாவது மென்பொருளின் கோப்பு இல்லை அது. இலவச மென்பொருளில் செய்தது. அதில் பேயை நீக்கவா என்று கேட்கிற கட்டமே கிடையாது. சிவப்பும் பச்சையும்தான்.

ஐந்தாவது படத்தில் என்மேல் முழுக்கச் சிவப்பு.

சித்தப்பா, நான் தினமும் இருநூறு புடவைப் படத்தில் கிளிப்பையும் நூலையும் அழிக்கிறவள். மெஷின் அழித்ததற்கும் கை அழித்ததற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். என் தலைமுடி ஓரத்தில் சின்ன பிரஷ்ஷால் வந்திருக்கிறீர்கள். காதுத் தோட்டைச் சுற்றி வந்திருக்கிறீர்கள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒன்றின்மேலும் சிவப்பு படாமல் வந்திருக்கிறீர்கள். நாற்பது நிமிஷ வேலை. எங்கள் கம்பெனியில் உங்களுக்கு உடனே வேலை கிடைக்கும்.

ஆறாவது படத்தையும் பார்த்தேன். அதில் அம்மா திரும்பி, போகிற என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவின் முதுகுதான் தெரிகிறது. அதனால்தான் அம்மாவை ஐந்தாவதிலிருந்து எடுக்கவேண்டி வந்திருக்கிறது. கையோடு.

கோப்பின் தேதி பிப்ரவரி ஐந்து. மென்பொருள் என்று ஒரு குண்டூசிகூடக் கிடையாது என்று எனக்கு எழுதியது பிப்ரவரி பத்து. அதாவது நான் பச்சை பூசுங்கள் என்று கேட்பதற்கு எட்டு நாள் முன்னாலேயே நீங்கள் சிவப்பு பூசி முடித்துவிட்டீர்கள். நீங்கள் மென்பொருள் தேடவில்லை சித்தப்பா. பழிபோட ஆள் தேடினீர்கள். அதற்கும் என்னிடமே சிபாரிசு கேட்டீர்கள்.

அந்தக் கை எங்கே இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐந்தாவது படத்துக்கு "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தபோது நான் அம்மா காதில் சொன்னேன். "மூணாவது மாசம்மா." அம்மா முகத்தைக் கேமரா பக்கம் நேராக வைத்துக்கொண்டே கையை மட்டும் என் வயிற்றில் வைத்தார். அப்போதுதான் நீங்கள் அமுக்கினீர்கள்.

நாற்பத்திரண்டு பேர் நின்ற படம் அது.

பிரியா


சென்னீர்குப்பம்
28-06-2025

பிரியாவுக்கு,

என்னைப் பற்றி விசாரிக்காதே, நான் சுகமாக இருக்கிறேன். அதுதான் கேவலம்.

அன்று படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பின்னால் நின்றார். ஐந்தாவது படம் திரையில் இருந்தது. "இவ இருந்தான்னா இந்தப் படம் இந்த ஊட்ல மாட்டாது, பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழி என்று சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும், அவருக்காக இல்லை, எனக்காகவும் இல்லை. "அதுக்கின்னா அண்ணாத்தே, ரெண்டு நிமிஷ வேலை" என்று சொன்னவன் நான்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே நான்கு மாதமாகத் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து அவர் முகம் சுளித்தால் நான் ஒரு வேடிக்கை செய்வேன். அவர் சிரிப்பார், சோறு இறங்கும். அந்தப் பழக்கம். மருந்துக்காவது முதுகெலும்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தால், உள்ளே ஒரு கிலுகிலுப்பைதான் தெரியும்.

கடைசிப் பொட்டுச் சிவப்பை உன் நெற்றியில் வைத்தபோது, இதைத் தானாகச் செய்கிற மென்பொருள் ஒன்று உலகத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது. இருந்தால் நான் செய்யவில்லை என்று ஆகிவிடும் அல்லவா. அதை உன்னிடமே கேட்டேன் பார், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிகர் மூவுலகிலும் இல்லை.

குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பூசியிருக்க மாட்டேன் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடி பிறப்பதற்குள் தினேஷுக்குப் பெண் தருகிறவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அந்தக் கையைக் கேட்கிறார்கள். "அந்தக் கையயும் சரி பண்ணிடு" என்று அண்ணன் உத்தரவு. மறு அச்சுக்கு ஆளும் சொல்லியாகிவிட்டது. நேற்று அண்ணி என் வாசலில் வந்து நின்றார். "கைய தொட்டுடாத டில்லி. அது எங்க இருந்துச்சின்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் உன் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

என்ன செய்யட்டும்? நீயே சொல்.

டில்லிபாபு


முகப்பேர் கிழக்கு
01-07-2025

சித்தப்பாவுக்கு,

மறுபடியும் என்னிடம் கேட்கிறீர்கள்.

கையை அழிப்பது சுலபம். பக்கத்துச் சுவரை நகலெடுத்து மேலே பூசினால் போதும், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் செய்யாதீர்கள். அந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான்.

பதினோரு அசலையும் வைத்து நானும் ஒட்டிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பேரும் இருக்கிறோம். அப்பாவை அழிக்கவில்லை. அழிக்கத் தெரியாமல் இல்லை.

வருகிறவர்கள் கையைக் கேட்டால் சாஃப்ட்வேர் கோளாறு என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குத்தான் அது நன்றாக வருமே.

பிரியா


சென்னீர்குப்பம்
14-07-2025

பிரியாவுக்கு,

கையைத் தொடவில்லை. பிரிண்டர் ரிப்பேர் என்று அண்ணனிடம் சொன்னேன். அதுவும் பொய்தான், கணக்கில் சேர்த்துக்கொள்.

நேற்று வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் பாஸ்கரன் என்பவர் படத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இரண்டு அஜித்தையும் கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு, "இன்னாங்க இது, அம்மா கை மட்டும் அந்தரத்துல கீது?" என்றார்.

ஹாலில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். வாயைத் திறந்தேன். ஒரு உண்மை வந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தது, அதை நீ நம்ப வேண்டும். "சாஃப்ட்வேர் கோளாறுங்க" என்றேன்.

அண்ணி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "எந்த சாஃப்ட்வேரு டில்லி? லுங்கி கட்டிக்கினு இங்க உக்காந்துகினு கீதே, அதுவா?" என்றார்.

வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவைத்தார். அண்ணி தட்டைக் கீழே வைத்தார். பாஸ்கரனைப் பார்த்து, "அந்தக் கை பக்கத்துல என் பொண்ணு நிக்கிறாங்க. எட்டாவது மாசம். பேரு கிருஷ்ணப்பிரியா" என்றார். நம் வீட்டில் மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் பெயரை ஒருவர் சொன்னார். டீயை யாரும் எடுக்கவில்லை. பாஸ்கரன் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். ஆறிய டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர்கள் போய்ப் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. படம் சுவரில்தான் இருக்கிறது.

இன்று காலை அண்ணி கையில் ஒரு பையோடு என் வாசலுக்கு வந்தார். பைக்குள் வளையல் சத்தம் கேட்டது.

"முகப்பேருக்கு இன்னா பஸ்ஸு டில்லி?"

"மதுரவாயல்ல எறங்கி மாறணும் அண்ணி. செத்த இருங்க, சட்டைய மாட்டிக்கினு நானும் வந்துடுறேன்."

அண்ணி என்னை ஒருமுறை பார்த்தார்.

"நீ வேணாம்" என்றார். "ஊட்டு ஆளுங்க மட்டும்."

இந்நேரம் மதுரவாயல் தாண்டியிருப்பார். மூன்றாம் மாடி என்று சொல்ல மறந்துவிட்டேன். கீழே இறங்கி வந்து நில்.

டில்லிபாபு